பழைய கம்ப்யூட்டருக்கு ஹார்டு டிஸ்க் மாட்டுவது எப்படி? பிபிசி மைக்ரோவும் காஞ்சிபுரத்து ஜக்கார்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடுல கிளவுட் ஸ்டோரேஜ் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "ப்ரோ, கிளவுடு எல்லாம் சரி. 1980கள்ல வந்த ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்னைக்கு ஹார்டு டிஸ்க் மாட்ட முடியுமா? மாட்டி என்ன பண்றது?" அப்படின்னு ரெண்டு கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில்: முடியும். ரெண்டாவது கேள்விக்குத்தான் இந்த எபிசோடே. ஏன்னா இதுக்குள்ள இருக்கிற விஷயம் நம்ம காஞ்சிபுரத்துத் தறிக்கும் பொருந்தும், ஏதோ ஒரு கடையில இன்னும் ஓடிக்கிட்டிருக்கிற பழைய விண்டோஸ் 98 மெஷினுக்கும் பொருந்தும்.

எந்தக் கம்ப்யூட்டர்?

உதாரணத்துக்கு பிபிசி மைக்ரோவை எடுத்துக்கலாம். இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல இருந்த ஏகார்ன் கம்பெனி, பிபிசியோட கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துக்காக 1981 கடைசியில கொண்டு வந்த மெஷின். உள்ளே 6502 பிராசஸர், வேகம் 2 மெகாஹெர்ட்ஸ். மாடல் பி-ல மெமரி 32 கேபி. இன்னைக்கு வாட்ஸ்அப்ல வர்ற ஒரு "குட் மார்னிங்" படமே அதைவிடப் பெருசா இருக்கும்.

நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, 1984-85ல இந்திய அரசு 'கிளாஸ்' அப்படிங்கிற பேர்ல பள்ளிகளுக்கான கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தை ஆரம்பிச்சப்போ, முதல் கட்டமா 250 பள்ளிகளுக்குப் போனது இந்த பிபிசி மைக்ரோதான். மொஹாலியில இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் லிமிடெட் இதே மெஷினை 'யூனிகார்ன்'ங்கிற பேர்ல இந்தியாவுல கொண்டு வந்தது. அந்த வயசுல இருக்கிற உங்க அப்பா, சித்தப்பா யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க. "கறுப்புக் கீபோர்டு, சிவப்பு ஃபங்க்ஷன் கீ" அப்படின்னு சிலருக்கு சட்டுனு ஞாபகம் வரும்.

இதுல டேட்டா எங்க இருந்தது? முதல்ல ஆடியோ கேசட். அப்புறம் அஞ்சேகால் அங்குல ஃபிளாப்பி. ஃபிளாப்பிக்கு டிஎஃப்எஸ்னு ஒரு ஃபைலிங் சிஸ்டம். 40 டிராக் டிஸ்க்னா ஒரு பக்கத்துக்கு 100 கேபி. ஒரு பக்கத்துல அதிகபட்சம் 31 ஃபைல். ஃபைல் பேர் 7 எழுத்துக்கு மேல போகக்கூடாது. இந்த மெஷினுக்குத்தான் நாம ஹார்டு டிஸ்க் மாட்டப் போறோம்.

முதல்ல தறிக்குப் போயிட்டு வரலாம்

பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்தீங்கன்னா தறிச் சத்தம் கேட்கும். தறிக்கு மேல உட்கார்ந்திருக்கிற ஜக்கார்ட் பெட்டியைப் பார்த்திருப்பீங்க. அதுல ஒண்ணோட ஒண்ணு கோத்த அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். ஒவ்வொரு அட்டையிலயும் ஓட்டைகள்.

நெசவாளர் மிதியை மிதிச்சதும் ஒரு அட்டை ஊசி வரிசை மேல போய் அழுத்தும். ஓட்டை இருக்கிற இடத்துல ஊசி உள்ளே போயிடும், அதோட கொக்கி மாட்டிக்கிட்டு மேல எழும்பும், அந்தப் பாவு இழைகளும் மேல வரும். ஓட்டை இல்லாத இடத்துல ஊசி பின்னாடி தள்ளப்படும், கொக்கி மாட்டாது, இழை கீழேயே இருக்கும். நடுவுல ஊடை ஓடும். அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. பிரான்ஸ்ல லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்ட் 1804ல கொண்டு வந்த முறை இது.

கம்ப்யூட்டர் கண்ணால பார்த்தா, ஓட்டை இருந்தா 1, இல்லைன்னா 0. 240 கொக்கி ஜக்கார்ட்னா ஒரு அட்டைக்கு 240 பிட், அதாவது 30 பைட். ஆயிரம் அட்டை உள்ள டிசைன்னு வச்சுக்கிட்டா 30,000 பைட். ஒரு ஆள் தூக்க சிரமப்படுற அந்த அட்டைக் கட்டு முழுசும், பிபிசி மைக்ரோவோட ஒரு ஃபிளாப்பியில மூணு தடவை வைக்கிற அளவுதான்.

இப்போ எலக்ட்ரானிக் ஜக்கார்ட் வந்திருக்கு. அட்டை மாலை கிடையாது. டிசைன் ஒரு ஃபைலா பென் டிரைவ்ல வருது. உள்ளே இருக்கிற மின்காந்தங்கள் எந்தக் கொக்கி எழும்பணும்னு முடிவு பண்ணுது. ஆனா கீழே எதுவும் மாறல. அதே தறி, அதே பாவு, அதே மிதி. தறியைப் பொறுத்தவரைக்கும் ஒவ்வொரு மிதிக்கும் அது கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "இந்த வரிசையில எந்தெந்தக் கொக்கி?" பதில் அட்டையில இருந்து வந்தாலும் சரி, சிப்புல இருந்து வந்தாலும் சரி, தறிக்கு வித்தியாசம் தெரியாது.

இதை மனசுல வச்சுக்கோங்க. பழைய மெஷினோட கேள்வியை மாத்த வேண்டாம். அதுக்குப் புரியற மொழியில பதில் சொல்ற ஒரு ஆளை நடுவுல உட்கார வைக்கணும். பிபிசி மைக்ரோவுக்கும் இதே கதைதான்.

மூணு அடுக்கு

பிபிசி மைக்ரோவைத் திருப்பிப் போட்டா, கீபோர்டுக்கு அடியில வரிசையா கனெக்டர்கள். அதுல ஒண்ணு '1 மெகாஹெர்ட்ஸ் பஸ்'. 34 பின். பக்கத்துலயே ஃபிளாப்பி டிரைவுக்கான கனெக்டரும் 34 பின்தான், அதனால பேரைப் படிச்சுட்டு மாட்டுங்க.

பிராசஸர் 2 மெகாஹெர்ட்ஸ்ல ஓடினாலும், இந்தப் பஸ்ல இருக்கிற சாதனத்தோட பேசும்போது மட்டும் தன் வேகத்தை 1 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைச்சுக்கும். வெளிச் சாதனங்களுக்காக மெமரியில ஒரு சின்ன இடம் ஒதுக்கியிருக்காங்க. அதுல எஃப்சி40ல இருந்து நாலு முகவரி ஹார்டு டிஸ்க்குக்கு. பிராசஸர் அந்த முகவரியில எழுதினா டிஸ்க்குக்குப் போகும், படிச்சா டிஸ்க்ல இருந்து வரும். வாசல்ல இருக்கிற தபால் பெட்டி மாதிரி.

1980கள்லயே ஏகார்ன் 10 எம்பி, 30 எம்பி ஹார்டு டிஸ்க் வித்தாங்க. அப்போ அதுக்குப் பேர் வின்செஸ்டர் டிஸ்க். 10 எம்பின்னா அந்த 100 கேபி ஃபிளாப்பி கிட்டத்தட்ட நூறு. அந்த ஏற்பாட்டுல மூணு அடுக்கு இருந்தது.

முதல் அடுக்கு ஹோஸ்ட் அடாப்டர். 1 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸோட சிக்னலை ஸ்கஸிங்கிற டிஸ்க் மொழிக்கு மாத்துற சின்ன போர்டு.

ரெண்டாவது கண்ட்ரோலர். "இந்த நம்பர் செக்டாரைக் கொடு"ங்கிற ஸ்கஸி கட்டளையை வாங்கி, டிஸ்க்கோட தலையை எங்க நகர்த்தணும்னு கணக்குப் போடறது இது.

மூணாவது ஃபைலிங் சிஸ்டம். ஏடிஎஃப்எஸ்னு பேர். இது ஒரு ரோம் சிப்புல வரும். போர்டுல இருக்கிற ரோம் சாக்கெட்டுல அதைச் செருகினா, ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் வைக்கிற வசதி கிடைக்கும், ஃபைல் பேர் 10 எழுத்து வரைக்கும் போகும்.

இந்த மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் டிஸ்க் வெறும் பேப்பர் வெயிட்தான். "கேபிள் பொருந்துது, ஆனா வேலை செய்யல"ன்னு யாராவது சொன்னா, எந்த அடுக்கு விட்டுப்போச்சுன்னுதான் நான் முதல்ல பார்ப்பேன்.

லேப்டாப் டிஸ்க்கை நேரா மாட்டினா என்ன?

இன்னைக்கு இருக்கிற சாட்டா டிஸ்க்கை நேரா மாட்ட முடியாது. மொழியும் வேற, வேகமும் வேற. அதுக்கு முந்தின தலைமுறையான ஐடிஇ டிஸ்க் கொஞ்சம் நெருங்கின சொந்தம். ஆனா அதுலயும் ஒரு சிக்கல். ஐடிஇ ஒரு நேரத்துல 16 பிட் அனுப்பும். 6502 ஒரு நேரத்துல 8 பிட்தான் வாங்கும். ரெண்டு கையால சாமான் கொடுக்கிறவர் முன்னாடி ஒத்தைக் கைக்காரர் நிக்கிற நிலைமை.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, மீதி 8 பிட்டைப் பிடிச்சு வச்சு அடுத்த தடவை கொடுக்கிற சிப்பை நடுவுல போடறது. இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி: அந்த மீதி 8 கம்பியை இணைக்காமலே விட்டுடறது! ஐடிஇ டிஸ்க்ல ஒரு செக்டார் 512 பைட். பாதி போனா 256. ஏடிஎஃப்எஸ் எதிர்பார்க்கிற செக்டார் அளவும் சரியா 256 பைட். டிஸ்க்கோட கொள்ளளவுல பாதி வீணாப் போகும். போகட்டும், இந்த மெஷினுக்கு 40 ஜிபி எதுக்கு? ஐடிஇ-க்கு ஏத்த மாதிரி திருத்தின ஏடிஎஃப்எஸ் ரோம் ஒண்ணு வேணும், அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி, எவ்வளவு பெரிய டிஸ்க் வரைக்கும் மாட்டலாம்? பழைய ஸ்கஸி கட்டளையில செக்டார் நம்பருக்கு 21 பிட் இடம். அதாவது சுமார் 21 லட்சம் செக்டார். ஒவ்வொண்ணும் 256 பைட்னா மொத்தம் 512 எம்பி. அதுக்கு மேல இருக்கிற இடத்தை ஏடிஎஃப்எஸ்ஸால கேட்கவே முடியாது. கேட்கத் தெரியாத இடம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எஸ்டி கார்டு, ஹார்டு டிஸ்க் வேஷத்துல

இன்னைக்கு நிறைய பேர் எடுக்கிற வழி பீப்ஸ்கஸி. சைமன் இன்ஸ் வடிவமைச்சு, வரைபடத்தையும் கோடையும் எல்லாருக்கும் திறந்து வச்ச போர்டு. ஒரு மைக்ரோகண்ட்ரோலர், ஒரு லாஜிக் சிப், ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு. 1 மெகாஹெர்ட்ஸ் பஸ்ல மாட்டினா, நான்தான் உன் பழைய வின்செஸ்டர்னு மெஷின்கிட்ட சொல்லும். முதல் ரெண்டு அடுக்கு வேலையையும் இதுவே பண்ணிடும். மூணாவது அடுக்கான ஏடிஎஃப்எஸ் ரோம் மட்டும் நீங்க போடணும். இன்னொண்ணு, இந்தப் பஸ்ல பவர் கிடையாது, அதனால 5 வோல்ட்டுக்குத் தனியா வழி பண்ணணும்.

எலக்ட்ரானிக் ஜக்கார்டும் இதுவும் ஒண்ணுன்னு இப்போ தெரியுதா? அங்க மிதி கேட்குது, மின்காந்தம் அட்டை வேஷம் போட்டுப் பதில் சொல்லுது. இங்க 6502 கேட்குது, எஸ்டி கார்டு வின்செஸ்டர் வேஷம் போட்டுப் பதில் சொல்லுது.

இதுல பெரிய லாபம் வேகம் கிடையாது. அந்த 512 எம்பி டிஸ்க் முழுசும் எஸ்டி கார்டுல ஒரே ஒரு ஃபைலா இருக்கும். கார்டைக் கழட்டி லேப்டாப்ல போட்டா, காப்பி, பேஸ்ட். முடிஞ்சுது பேக்கப்.

சரி, மாட்டி என்ன பண்றது?

எங்க ஊர்ல ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார் இருக்கார். அவர் வீட்டுப் பரண்ல ஒரு பிபிசி மைக்ரோ, ஒரு ஃபிளாப்பி டிரைவ், ஒரு ஷூ பெட்டி நிறைய ஃபிளாப்பி. 80கள்ல அவர்கிட்ட படிச்ச பசங்க பேசிக்ல எழுதின புரோகிராம்கள். "தம்பி, மெஷின் போனா போகட்டும். இதுல பசங்க பேர் இருக்கு, அது போகக்கூடாது"ன்னார்.

அவருக்காக நாங்க பண்ணின வரிசையைச் சொல்றேன், யாருக்காவது உதவும்.

முதல் விதி, ஆசையில சுவிட்சைப் போடாதீங்க. பிபிசி மைக்ரோவோட பவர் சப்ளையில ரிஃபா கம்பெனி கப்பாசிட்டர் இருக்கும். வயசாகி மேல் ஓடு விரிஞ்சு, ஈரம் உள்ளே போய், கரண்ட் கொடுத்த கொஞ்ச நேரத்துல புகை கக்கி வெடிக்கிறதுல பேர் போனது. மின்வேலை தெரிஞ்சவரை வச்சு அதை மாத்தின பிறகுதான் 230 வோல்ட்.

ரெண்டாவது, ஃபிளாப்பியைப் பாதுகாக்கணும். அஞ்சேகால் அங்குல ஃபிளாப்பியோட ஓரத்துல ஒரு சின்ன வெட்டு இருக்கும். அதை ஸ்டிக்கர் ஒட்டி மூடினா டிரைவால அதுல எழுத முடியாது. படிக்க மட்டும்தான் முடியும். எல்லா ஃபிளாப்பிக்கும் இதை முதல்லயே பண்ணிடுங்க. மூணரை அங்குல ஃபிளாப்பியில இது தலைகீழ், ஓட்டை திறந்திருந்தாதான் பாதுகாப்பு.

மூணாவது, டிரைவோட ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல துடைக்கணும். ஒரு ஃபிளாப்பியில பூஞ்சை தெரிஞ்சா அதைத் தனியா வச்சுடுங்க. இல்லைன்னா அந்த அழுக்கு ஹெட்டுல ஒட்டி அடுத்த ஃபிளாப்பியையும் கீறிடும்.

நாலாவது, மாத்தறது. இது பார்க்க அழகா இருக்கும். 'ஸ்டார் டிஸ்க்'னு அடிச்சா மெஷின் ஃபிளாப்பி பக்கம் திரும்பும். புரோகிராமை லோட் பண்ணுங்க. 'ஸ்டார் ஏடிஎஃப்எஸ்'னு அடிச்சா ஹார்டு டிஸ்க் பக்கம் திரும்பும். மெமரியில இருக்கிற புரோகிராம் அப்படியே இருக்கும். சேவ் பண்ணுங்க. 40 வருஷத்தைத் தாண்டுறதுக்கு நாலே வரி. ஒவ்வொரு ஃபிளாப்பிக்கும் ஒரு ஃபோல்டர். ரெண்டு ஏடிஎஃப்எஸ் விஷயம்: ஒரு ஃபோல்டருக்குள்ள 47 பதிவுக்கு மேல போகாது, வேலை முடிஞ்சதும் 'ஸ்டார் பை' அடிக்கணும். அந்தக் காலத்து டிஸ்க்ல அது ஹெட்டைப் பத்திரமான இடத்துல நிறுத்துற கட்டளை. எஸ்டி கார்டுல ஹெட்டே இல்லைன்னாலும் திறந்திருக்கிற ஃபைலை மூடிடும், அதனால பழகிக்கிட்டா நல்லது.

"இந்த ஃபிளாப்பியை நேரா பிசியில படிக்கக் கூடாதா?"ன்னு கேட்கலாம். டிஎஃப்எஸ் எழுதினது எஃப்எம்ங்கிற பழைய குறியீட்டு முறையில. நிறைய பிசி ஃபிளாப்பி கண்ட்ரோலருக்கு அது புரியவே புரியாது. கிரீஸ்வீசல் மாதிரி போர்டு வாங்கினா, டிஸ்க் மேல இருக்கிற காந்த மாற்றத்தையே அப்படியே பதிவு பண்ணி எடுக்கலாம். படிக்க அடம்பிடிக்கிற ஃபிளாப்பிக்கு அதுதான் வழி. ஆனா மெஷின் உயிரோட இருந்தா, அதுவே தன் ஃபிளாப்பியை நல்லாப் படிக்கும்.

சாரோட ஃபிளாப்பியில சிலது திறக்கவே இல்லை. திறந்ததுல ஒண்ணு, பத்தாவது படிச்ச ஒரு பொண்ணு எழுதின வட்டிக் கணக்கு. ரன் பண்ணினா முதல் வரியில அவங்க பேரும் வகுப்பும் வந்தது. சார் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், "இவ இப்போ பாட்டி ஆயிருப்பா"ன்னு சிரிச்சார்.

பெரிய இடத்துலயும் இதே கதை

1986ல பிபிசி, டோம்ஸ்டே திட்டம்னு ஒண்ணை வெளியிட்டது. 1086ல இங்கிலாந்துல எடுத்த நிலக் கணக்கெடுப்பு நூலோட 900வது ஆண்டுக்காக, நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளும் மத்தவங்களும் தங்கள் ஊரைப் பத்தி எழுதினதைத் திரட்டி, ரெண்டு லேசர் டிஸ்க்ல போட்டாங்க. அதைப் படிச்சது பிபிசி மைக்ரோவோட அடுத்த மாடலான மாஸ்டர். பிளேயரோட பேசினது இதே ஸ்கஸி மொழியில.

2000 வாக்குல பார்த்தா படிக்கிற மெஷின் கிடைக்கிறதே கஷ்டம். 900 வருஷத்துக்கு முந்தின தோல் ஏட்டைப் படிக்க முடியுது, 15 வருஷ லேசர் டிஸ்க்கைப் படிக்க முடியலைன்னு பேச்சு வந்தது. 2002ல லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கமிலியன் திட்டம், பழைய மெஷினை மென்பொருளா நடிக்க வச்சு அதைத் திறந்து காட்டியது. பீப்ஸ்கஸி உருவாக்கின சைமன் இன்ஸும் பிறகு டோம்ஸ்டே86ங்கிற மீட்பு முயற்சியில இறங்கினவர்தான். சொன்னேன்ல, எல்லாமே நடுவுல நின்னு வேஷம் போடற வேலை.

நம்ம ஊர் கடைக்கு வருவோம்

காஞ்சிபுரத்துல நான் போன ஒரு டிசைன் கடையில இன்னும் விண்டோஸ் 98 மெஷின். ஜக்கார்ட் டிசைன் சாஃப்ட்வேர், பழைய பேரலல் போர்ட்ல சொருகின லாக் இருந்தாதான் திறக்கும். உள்ளே ஒரு ஐடிஇ ஹார்டு டிஸ்க், லேசா கிறீச்னு சத்தம் போடுது. முந்தி, பார்டர், புட்டான்னு இருபது வருஷ டிசைன் அதுல. அண்ணனைக் கேட்டா, "ஓடற வரைக்கும் ஓடட்டும்ப்பா, இதைத் தொட்டா எல்லாம் போயிடும்னு பயம்"ங்கிறார்.

பயம் நியாயம்தான். ஆனா அந்த டிஸ்க் சுத்திக்கிட்டே இருக்கு, ஒரு நாள் நிக்கும். பிபிசி மைக்ரோவுல கத்துக்கிட்டதை இங்க அப்படியே போடலாம்.

மெஷினை ஆஃப் பண்ணி டிஸ்க்கைக் கழட்டுங்க. யூஎஸ்பி அடாப்டர்ல லேப்டாப்போட சேர்த்து, எதையும் எழுதாம முழு டிஸ்க்கையும் இமேஜா எடுங்க. சத்தம் போடற டிஸ்க்னா லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூ. நல்லா இருக்கிற பகுதியை முதல்ல எடுத்துட்டு, மோசமான இடத்துக்கு அப்புறமா வரும். இமேஜ் ரெண்டு இடத்துல இருக்கணும்.

அடுத்து, அந்த இமேஜை ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டுல எழுதி, ஐடிஇ அடாப்டர் வழியா பழைய மெஷின்லயே மாட்டுங்க. காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டுக்கு ஐடிஇ மொழி பிறவியிலேயே தெரியும், அடாப்டர் பெரும்பாலும் வெறும் கம்பி இணைப்புதான். ரொம்பப் பழைய போர்டுன்னா 504 எம்பி, 8.4 ஜிபின்னு பயாஸ்ல வரம்பு இருக்கும், அதைப் பார்த்து கார்டு வாங்குங்க. கடைக்காரரைப் பொறுத்தவரை எதுவும் மாறியிருக்காது. அதே ஸ்கிரீன், அதே சாஃப்ட்வேர், அதே லாக். சத்தம் மட்டும் நின்னிருக்கும்.

கடைசியா ஒண்ணு. சாஃப்ட்வேரோட சொந்த ஃபார்மட்ல மட்டும் டிசைனை விட்டு வைக்காதீங்க. ஏற்றுமதி வசதி இருந்தா ஒவ்வொரு டிசைனையும் சாதாரண பிட்மேப் படமாவும் சேமிச்சு வைங்க. ஒரு கட்டம் ஒரு இழை, அதைப் படிக்க எந்த லாக்கும் வேண்டாம்.

அந்த அண்ணன்கிட்ட ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கார். அடாப்டர் வாங்கியாச்சு. உங்க தெருவுலயும் இப்படி ஒரு மெஷின் ஓடிக்கிட்டிருக்கும். அது ஓடிக்கிட்டிருக்கும்போதே போய்ப் பாருங்க, நின்ன பிறகு செலவு வேற மாதிரி இருக்கும்.